பாயில் காயப்போட்ட கடதாசிகள்

போன கார்த்திகை மழைக்கு எங்கள் வீட்டு ஓட்டுக்கூரை ஒரு மூலையில் ஒழுகியது. ஒழுகினது பெரிய காரியமில்லை, ஒழுகின இடம்தான் பிழை. அந்த மூலையில் ஓர் ஆணியில் உரப்பையை வெட்டித் தைத்த பை ஒன்று தொங்கும். அதற்குள் ஒரு சொப்பிங் பை, அதற்குள் இன்னொரு சொப்பிங் பை, அதற்குள்தான் எங்கள் குடும்பத்தின் கடதாசிகள் முழுவதும். எல்லாவற்றையும் தாண்டி ஈரம் உள்ளே போய்விட்டது. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அறைக்குள் பாயை விரித்து, ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்து, விசிறிக் காற்றுக்குப் பறக்காதபடி மூலைக்கு மூலை குத்திக் காசுகளை வைத்தார். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் குத்திகள். அவற்றுக்கு இப்போது வேறு வேலையும் இல்லை.

நான் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறவன். இலங்கையின் நூறு வருடக் கதையை ஒரு பாடவேளைக்குள், கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு கீறி 1931, 1948, 1956, 1977, 2009, 2022 என்று புள்ளி குத்தி முடித்துவிடுவேன். பிள்ளைகளும் அதையே எழுதிப் புள்ளி எடுப்பார்கள். அன்றிரவு பாய்க்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்து ஈரக் கடதாசிகளைப் பார்த்தபோதுதான் பட்டது, இந்த நாடு எங்கள் வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு கடதாசியாகத்தான் வந்திருக்கிறது. பெர்மிட், கூப்பன், முத்திரை, பாஸ், அட்டை, கடைசியில் கறுப்புக் கட்டம் கட்டமாக ஒரு கியூஆர்.

பாயில் மூத்தது அப்பப்பாவின் காணிப் பெர்மிட். 1956. ஆங்கிலத்தில் அச்சடித்தது, பெயரும் இலக்கமும் மட்டும் மையால் எழுதியது, மை இப்போது ஊதாவாகப் பரவிப் போயிருக்கிறது. கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்து வாய்க்கால் பாயும் இடத்தில் மூன்று ஏக்கர் வயல், இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி. அப்பப்பா தீவுப்பகுதி ஆள். அங்கே அவருக்கு இருந்தது அண்ணன் தம்பி நான்கு பேருக்குப் பங்கிட்ட சில பரப்பு, அதுவும் உவர். ஐந்து ஏக்கர் என்று கேட்டபோது அவருக்குத் தலை சுற்றியிருக்கும். ஆனால் 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் தந்த அந்தக் காணியைத் தன் விருப்பத்துக்கு விற்க ஏலாது, வங்கியில் ஈடு வைக்க ஏலாது, பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதவும் ஏலாது. ஒருவருக்குப் பிறகு ஒருவர். யாரையும் நியமிக்காமல் ஆள் செத்துப்போனால் ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்று ஒரு பட்டியல் இருந்தது, அதை 2022 இல்தான் திருத்தினார்கள். எங்கள் பக்கத்தில் கலியாணப் பேச்சில் காணி என்று சொன்னவுடன் அடுத்த கேள்வி "உறுதியோ, பெர்மிட்டோ?" என்பதுதான். உறுதி என்றால் முழுச் சொந்தம்.

வன்னியில் ஏன் இவ்வளவு அரச காணி என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1840 இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டு, ஆட்சி உரிமை காட்ட முடியாத நிலமெல்லாம் முடிக்குரியது என்று எழுதிக்கொண்டான். காடும் தூர்ந்த குளங்களும் நிறைந்த வன்னியில் யார் எதைக் காட்டுவது? முடி போய்க் குடியரசு வந்தது, நிலம் மட்டும் கை மாறவில்லை. இன்றைக்கும் நாட்டின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரசினுடையது.

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவைக் கட்டும் வேலை 1902 இல் தொடங்கி 1920 வாக்கில் முடிந்தது. அதற்கு முன்பே, 1905 இல், ரயில்பாதை வன்னியைக் குறுக்கே வெட்டிக் காங்கேசன்துறை வரை போய்விட்டது. குளமும் இருக்கிறது, ரயிலும் இருக்கிறது, ஆட்கள் மட்டும் வரவில்லை. நுளம்பு. வன்னிக்குப் போவதென்றால் காய்ச்சல் வாங்கப் போவது என்றுதான் குடாநாட்டில் பேச்சு. இலங்கையில் 1934, 35 இல் வந்த மலேரியாவில் செத்தவர்கள் 80,000 பேருக்கு மேல். 1946 இல் டிடிடி நுளம்பு மருந்து அடிக்கத் தொடங்கினார்கள், 1963 இல் நாடு முழுவதற்கும் பதிவானது 17 நோயாளிகள். (பிறகு கவனம் விட்டார்கள், அது லட்சக்கணக்கில் திரும்பி வந்தது, 2016 இல்தான் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் எழுதிக் கொடுத்தது.) அந்தப் புகை அடிக்காவிட்டால் அப்பப்பா பெர்மிட்டை வைத்துக்கொண்டு தீவிலேயே இருந்திருப்பார். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அரசு எங்களுக்குச் செய்த கொடுமைகளை எழுத உட்கார்ந்தால் விடிந்துவிடும், ஆனால் இந்த வீட்டில் பிள்ளைகள் காய்ச்சலில் சாகாமல் வளர்ந்ததும், கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி இல்லாவிட்டால் நான் பல்கலைக்கழக வாசல் மிதித்திருக்க மாட்டேன் என்பதும் அதே அரசின் கணக்கில்தான் வரும்.

சரி, ஒரு ஏழை நாடு இதையெல்லாம் எப்படிச் செய்தது? என் வகுப்பில் நான் அதிக நேரம் செலவழிக்கிற இடம் இது. 1931 இல் டொனமூர் அரசியலமைப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கைக் கொடுத்தது. அதற்கு முன் நூற்றில் நான்கு பேருக்குத்தான் வாக்கு. ஆசியாவில் முதலில் இங்கேதான். முழுச் சுதந்திரம் தரவில்லை என்று யாழ்ப்பாணம் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்து நான்கு ஆசனங்களைக் காலியாக விட்டது, மன்னார் – முல்லைத்தீவுத் தொகுதி மட்டும் பேசாமல் ஒருவரைத் தெரிந்து அரச சபைக்கு அனுப்பிவிட்டது. வாக்கு வந்ததும் அரசியல்வாதிக்கு வாக்காளனைத் தேடிப் போகவேண்டியதாயிற்று, போனால் கையில் ஏதாவது இருக்கவேண்டும். அப்படித்தான் காணி வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, இரண்டாம் உலக யுத்த காலத்தில் தொடங்கிய கூப்பன் அரிசி சமாதானம் வந்த பிறகும் நின்றது. மற்ற நாடுகள் தொழிற்சாலை கட்டிப் பணக்காரராகி, அதற்குப் பிறகு மக்களுக்குப் பங்கு கொடுத்தன. இங்கே பங்கு முதலில், தொழிற்சாலை பிறகு. அந்தப் "பிறகு" வந்து சேரவேயில்லை.

பங்கிட்ட காசு தேயிலைக் காசு. தேயிலை கிள்ளியவர்கள் யார்? 1948 இல் சுதந்திரம் வந்து ஒரு வருடம் ஆவதற்குள் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது, ஏழு லட்சம் பேர் என்று கணக்கு. வவுனியாவின் உறுப்பினர் சி. சுந்தரலிங்கம் முதல் அமைச்சரவையில் இருந்தவர், இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைப் பிரச்சினையில் அந்த வருட முடிவிலேயே வெளியே வந்தார். வேறு தமிழ்த் தலைவர்கள் உள்ளே இருந்தார்கள். 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் மேசையில் இருந்து ஐந்தே கால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு என்று ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு அவர்களில் ஆயிரக்கணக்கானோர் வன்னிக்கு வந்தார்கள். நாங்கள் என்ன செய்தோம்? களை பிடுங்கக் கூப்பிட்டோம். காட்டோரமாக, வாய்க்கால் எட்டாத மேட்டில் குடிசை போடவிட்டோம். எங்களுக்காவது பெர்மிட் இருந்தது, அவர்களில் பல பேருக்கு அந்தக் கடதாசியும் இல்லை, ஆளைப் பதிய வேண்டிய கடதாசியும் இல்லை. எங்கள் வயலில் முப்பது வருடம் வேலை செய்த ஓர் அம்மாவுக்கு 2003 சட்டத்துக்குப் பிறகுதான் தேசிய அடையாள அட்டை கிடைத்தது. அவர் அதை எங்கள் அம்மாவிடம் கொண்டுவந்து காட்டியபோது நான் அங்கே நின்றேன். அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "படம் வடிவா வந்திருக்கு" என்றார். வேறு என்ன சொல்வது?

பாயில் அடுத்தது கூட்டுறவுச் சங்கக் கடைக் கூப்பன் புத்தகத்தின் வெறும் மட்டை. இதற்கு ஒரு வரலாறே உண்டு. 1953 இல் ஜே.ஆர். ஜயவர்த்தனா நிதியமைச்சராக இருந்தபோது 25 சதத்துக்குக் கொடுத்த அரிசியை 70 சதம் ஆக்கினார். ஆகஸ்ட் 12 ஹர்த்தால். டட்லி சேனநாயக்க பதவியை விட்டே போனார். அதற்குப் பிறகு எந்த அரசும் அரிசியில் கை வைக்கப் பயந்தது. 1970 தேர்தலில் சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவேன் என்று சிறிமாவோ சொன்னதாக இன்றைக்கும் கிழவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். 1946 இல் 66 லட்சமாக இருந்த சனம் 1971 இல் ஒரு கோடியே 27 லட்சம். தேயிலை விலையோ இறங்கு முகம். கை நீட்டுகிறவர் தொகை இரட்டிப்பு, பெட்டியில் காசு இல்லை. அந்த நிலையில் யாருக்கு முதலில் கொடுப்பது என்ற சண்டையில் மொழியும் இனமும், மொழியும் மாவட்டமும் பார்த்துப் பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுத்த தரப்படுத்தலும் புகுந்தன. 1956 தனிச் சிங்களச் சட்டம், பண்டா – செல்வா, டட்லி – செல்வா ஒப்பந்தங்கள், 1972 அரசியலமைப்பு, வட்டுக்கோட்டைத் தீர்மானம். நான் இங்கே அதை விரித்து எழுதப் போவதில்லை, எல்லோருக்கும் மனப்பாடம்.

மனப்பாடம் இல்லாதது மிளகாய்.

1970 க்குப் பிறகு வெளிநாட்டுக் காசு இல்லை என்று அரசு இறக்குமதியை இறுக்கியது. செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் நிறுத்தம் அல்லது கட்டுப்பாடு. தெற்கில் பாண் கியூ, அரிசி கொண்டுபோகத் தடை, வீதித் தடையில் பஸ்ஸை மறித்துப் பையைக் கிண்டுகிறார்கள், சனம் மரவள்ளி தின்கிறது. அதே வருடங்களில் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டக் காணிகளில் இருந்த பெடியன்கள் மோட்டார் சைக்கிளில் திரிந்தார்கள். காற்சட்டை போட்டுப் படித்துவிட்டு அரச உத்தியோகம் கிடைக்காமல் மண்ணுக்கு வந்தவர்கள். பங்குனி வெயிலில் முற்றம் முழுக்கச் சிவப்பாக மிளகாய் காயும், வாசலால் போகிறவன் தும்மாமல் போக முடியாது, கொழும்பு லொறி வாசலில் வந்து நிற்கும். பாயில் 1975 ஆம் ஆண்டு மிளகாய் விற்ற துண்டு ஒன்று கிடக்கிறது. இலக்கம் அழிந்துவிட்டது, ஆனால் எந்தக் காசு எதுவாயிற்று என்று அம்மாவுக்கு நினைவிருக்கிறது. அடுத்த வருடம் கலியாணத்துக்கு அப்பா கட்டிய தாலிக்கொடி அந்த மிளகாய்.

ஒரு நாட்டின் பொருளாதாரம் நன்றாக இருந்தது, கெட்டுப்போனது என்று ஒற்றை வரியில் எழுத எனக்குக் கை வராததற்கு இந்தத் துண்டுதான் காரணம். கொழும்பு எழுத்தாளர்களுக்கு 1970 – 77 இருண்ட காலம், 1977 விடிவு. எங்கள் வீட்டில் அது தலைகீழ். ஜே.ஆர். வந்து கதவைத் திறந்தார், ரூபாயின் பெறுமதி டொலருக்கு எதிராகப் பாதியாக விழுந்தது, இறக்குமதி மிளகாய் மலிவாக வந்து இறங்கியது, லொறி வாசலுக்கு வருவது நின்றது. கூப்பன் அரிசி 1979 இல் உணவு முத்திரையாக மாறியது, முத்திரையில் எழுதிய ரூபாய் மாறாமல் நிற்க விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஆனால் அப்பா போல மிளகாய்க்காரர் எல்லோரும் சிறிமாவோவை விரும்பினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆட்சியில்தான் தரப்படுத்தல் வந்து அப்பாவின் தம்பி மருத்துவபீடத்தைத் தவறவிட்டார். காசு கொடுத்த கையும் கதவைச் சாத்திய கையும் ஒன்று.

தொழிற்சாலை வரவேயில்லை என்றேன், அது கொஞ்சம் மிகை. ஆனையிறவில் 1938 இலேயே உப்பளம். ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்துத் திட்டங்களில் ஒன்றாகப் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை. ஆனையிறவு உப்பை எடுத்து மின்சாரம் பாய்ச்சிக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தார்கள், அந்தக் குளோரின் நாட்டின் குடிதண்ணீருக்குப் போனது. அதாவது கொழும்பில் குழாயைத் திறந்தால் ஆனையிறவு உப்பின் ஒரு துளி. எனக்கு இந்த இணைப்பு மிகவும் பிடிக்கும். ஒரு நாடு என்றால் இப்படித்தானே இருக்கவேண்டும், ஒருவன் உப்பு இன்னொருவன் தண்ணீரில். யுத்தத்தோடு இரண்டும் நின்றன. 2025 இல் ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலையைத் திறந்தார்கள், உப்புப் பைக்குச் சிங்களப் பெயர் வைத்தார்கள், ஊர் கொதித்தது, ஆனையிறவு உப்பு என்றே போடு என்று கேட்டார்கள். உப்புக்கும் பெயர்ச் சண்டை.

யுத்த காலக் கடதாசிகள்தான் பாயில் அதிக இடம் பிடித்திருந்தன. 1996 இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயன் பக்கம் ஓடியபோது தந்த நிவாரண அட்டை, வாராவாரம் கோடு போட்டது. பாஸ்கள். வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்தின், அதாவது விடுதலைப் புலிகளின், பாஸ், வவுனியாவுக்குள் நிற்க இராணுவத்தின் பாஸ். இரண்டுக்கும் ஆள் பிணை. அரசு வன்னிக்குப் போட்ட பொருளாதாரத் தடை என்று சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்குப் பாடத்தலைப்பு மாதிரி இருக்கும். எங்களுக்கு அது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், மூடியில் துளை போட்டு ஒரு திரி. சுடர் நெல்லு மணி அளவுதான். அதன் வெளிச்சத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் படிக்கலாம், மூன்றாவது ஆள் தலையை நீட்டினால் நிழல் விழும். நான் சாதாரண தரம் எழுதியது அந்தச் சுடரில். மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல், அதை மருந்துக் குப்பியில் வைத்திருப்பார்கள், குழந்தைக்குச் சொட்டு மருந்து விடுவது போல விடுவார்கள்.

இதில் வெளியூர் ஆட்களுக்கு விளங்காத ஒன்று உண்டு. அந்த வருடங்களில் நாங்கள் இரண்டு அரசுகளுக்குக் கீழ் இருந்தோம். வரி, பொலிஸ், நீதிமன்றம், வங்கி எல்லாம் இயக்கத்தினுடையது. ஆனால் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், கொழும்பினுடையது. ஆசிரியர் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது, பரீட்சைத்தாள் கொழும்பிலிருந்து வந்தது, நிவாரண அரிசியும் சங்கக் கடை வழியாக வந்தது. குண்டு போட்டதும் அரிசி அனுப்பியதும் ஒரே அரசு. 1996 இல் கொழும்பு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது நாங்கள் தள்ளவில்லை, பத்து வருடம் பழைய நேரம், புதிய நேரம் என்று இரண்டு நேரத்தில் வாழ்ந்தோம். ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டினால் மணிக்கூட்டைத் திருப்ப வேண்டும். 2002 இல் கண்டி – யாழ்ப்பாண வீதியான ஏ9 திறந்தபோது இந்த விளையாட்டு இன்னும் கூடியது, ஒரே நாளில் இரண்டு நேரத்துக்கும் போய்வந்தோம். வீதி 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது.

தமிழீழ வைப்பகத்தின் சேமிப்புப் புத்தகம் ஒன்றும் அந்தப் பையில் இருந்தது. இப்போது இல்லை. 2009 இல் மாத்தளனில் பங்கருக்குள் வைத்து அம்மா அதை அடுப்பில் போட்டார். அதில் எவ்வளவு இருந்தது என்று நான் கேட்டதில்லை. மிச்சக் கடதாசிகளை வயிற்றில் கட்டிக்கொண்டு அம்மா கடல்நீரேரி தாண்டினார், உடுப்புப் பையை விட்டுவிட்டு.

அப்புறம் முகாம் அட்டை. செட்டிகுளம் மெனிக் பாமில் வலயங்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். யார் உட்கார்ந்து யோசித்தார்களோ தெரியாது. எங்கள் தரப்பாள் இருந்தது இராமநாதன் வலயத்தில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1911 இல் படித்த இலங்கையருக்கான ஆசனத்தில் சிங்களவர் வாக்குகளோடும் வென்றவர், நாடு முழுவதன் தலைவராக நின்றவர். அவர் தம்பி அருணாசலம் 1919 இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர். நூறு வருடக் கதையின் முதல் பக்கத்து மனிதர்கள். டொனமூர் ஆணைக்குழு வந்தபோது எல்லோருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்று எதிர்த்தவர்களில் இராமநாதனும் ஒருவர். அவர் பெயர் எழுதிய முட்கம்பிக்குள் நின்று நாங்கள் தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நின்றோம். 2010 ஜனவரியில் ஜனாதிபதித் தேர்தல் வந்தபோது முகாமில் இருந்தவர்களுக்கும் வாக்கு இருந்தது. அந்த வாக்குச் சீட்டுத்தான் எங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே சொத்து. முன்னணியில் நின்ற இருவரில் ஒருவர் யுத்தத்தை நடத்திய ஜனாதிபதி, மற்றவர் யுத்தத்தை நடத்திய தளபதி.

திரும்பி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் கடதாசி அதிகம், கதை குறைவு. ஏ9 காப்பெட் வீதியாயிற்று. அதன் இரண்டு பக்கமும் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் மழைக்குப் பிறகு காளான் மாதிரி முளைத்தன. இந்தியாவின் வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபாய் பகுதி பகுதியாக வந்தது. அத்திவாரம் முடித்தால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் ஒரு பகுதி. ஒழுகுகிற ஓடு அந்தத் திட்டத்தின் ஓடுதான், குறை சொல்லவில்லை, பத்து வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறது. 2011 இல் தம்பி தாலிக்கொடியை அடகு வைத்து முற்பணம் கட்டி லீசிங்கில் உழவு இயந்திரம் எடுத்தான். பெர்மிட் காணியை வங்கி எடுக்காது, ஆனால் லீசிங்காரனுக்குக் காணி தேவையில்லை, இயந்திரமே ஈடு. 2014 வறட்சியில், குளத்துத் தண்ணீரைப் பங்கிடும் சிறுபோகக் கூட்டத்தில் ஏக்கர் கணக்கு சுருங்கியது, தவணை சுருங்கவில்லை. ஒரு விடியற்காலை இரண்டு பேர் வந்து இயந்திரத்தைக் கொண்டுபோனார்கள். தாலிக்கொடி ஏலத்துக்குப் போனது. மிளகாயில் வந்தது தவணையில் போயிற்று. பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு வேறு கதை, நுண்கடன். வாரத்தில் ஒரு நாள் கூட்டம், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் எழும்ப முடியாது. 2018 இல் அரசு வறட்சி மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்யவேண்டிய அளவுக்கு அது போனது.

2016 இல் அரசு எடுத்த கணக்கில் நாட்டின் வறுமை 4.1 சதவீதம், கிளிநொச்சி மாவட்டத்தில் 18.2. நாட்டிலேயே அதிகம். அதற்கு முந்தைய கணக்கில் அந்த இடம் முல்லைத்தீவுக்கு, 28.8. கரும்பலகையில் எழுதும்போது பிள்ளைகள் தங்களைப் பற்றியது என்று அறியாமல் பிரதி பண்ணுவார்கள். 2019 இல் உலக வங்கி இலங்கையை உயர் நடுத்தர வருமான நாடு என்று ஏற்றியது, அடுத்த வருடமே இறக்கியது. வடக்குக்கு மாகாண சபை ஒன்று 2013 இல் கிடைத்தது, 1987 இந்திய – இலங்கை ஒப்பந்தத்தின் மீதி. 2018 இல் அதன் காலம் முடிந்த பிறகு தேர்தலே இல்லை.

2021 இல் ஒரே இரவில் இரசாயன உரத்துக்குத் தடை. நவம்பரில் விலக்கினார்கள், ஆனால் காலபோகம் காத்திருக்குமா? மஞ்சளாய் நின்ற பயிரைப் பார்த்து ஊரில் கமக்காரர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கையை விரித்தது. அந்த வருடம் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது, செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதம் அளவுக்குப் போனது. ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டே ஓடினார். முள்ளிவாய்க்கால் காலத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர். ஊரில் யாரும் வெடி கொளுத்தவில்லை. பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். கொழும்பில் இருக்கும் என் பல்கலைக்கழகச் சிநேகிதன், சிங்களவன், நல்லவன், அப்போது தொலைபேசியில் கேட்டான், விறகில் சமைக்கும்போது சட்டி கரி பிடிக்காமல் இருக்க என்ன செய்வது என்று. அம்மா சவுக்காரத்தை வெளியில் தடவச் சொன்னார். மெழுகுதிரி விலை ஏறிவிட்டது என்றான். ஜாம் போத்தலின் படத்தை அனுப்பினேன்.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் 3 பில்லியன் டொலர் கடன், அந்த வாசலுக்கு நாடு போனது பதினேழாவது தடவை. அதே வருடம் சமுர்த்தி நிவாரணம் போய் அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு வந்தது. அம்மாவுக்கு முதல் பட்டியலில் பெயர் வரவில்லை, மேன்முறையீடு செய்து கிடைத்தது. அந்தக் கியூஆர் தாளும் பாயில்தான் காய்ந்தது, பெர்மிட்டுக்குப் பக்கத்தில்.

2024 இல் பெர்மிட்டை உறுதியாக்கித் தருகிறோம் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள், அது தேர்தல் வருடம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எழுபது வருடமாக ஒரே நிலத்தை உழுகிற ஆளுக்கு நிலம் அவனுடையது என்று எழுதிக் கொடுக்க ஒரு தேர்தல் தேவைப்படுகிறது. அந்த வருடம் ஆட்சி மாறியது, யாழ்ப்பாண மாவட்டத்திலேயே தெற்குக் கட்சி ஒன்று மூன்று ஆசனம் எடுத்தது. (கிளிநொச்சி வன்னிதான், ஆனால் வாக்குக் கணக்கில் நாங்கள் யாழ்ப்பாணம். இதை எத்தனை தடவை விளக்கினாலும் வெளியூரவருக்கு ஏறாது.) உறுதி விண்ணப்பம் மட்டும் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு மெல்ல நடந்துகொண்டிருக்கிறது.

மழை விட்டு இரண்டு கிழமைக்குப் பிறகு அந்த விடயமாக அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். இளம் உத்தியோகத்தர், மரியாதையான பிள்ளை. கோவையைப் புரட்டிவிட்டு, "அம்மா, ஒரிஜினலை வச்சிட்டுப் போங்கோ, பாத்திட்டு அடுத்த கிழமை எடுக்கலாம்" என்றார்.

அம்மா மடியில் வைத்திருந்த பையின் வாயைச் சுருட்டிப் பிடித்தார்.

"போட்டோக் கொப்பி எடுத்துப்போட்டு இப்பவே தாங்கோ தம்பி. அவசரமில்லை. நான் இதிலயே இருக்கிறன்."

மெசின் பழுது, வெளியில் கடைக்குத்தான் போகவேண்டும் என்றார் அவர். அப்படியென்றால் நானும் வாறன் என்று அம்மா எழும்பினார். எழுபத்திரண்டு வயது, முழங்கால் வேறு நோ. உத்தியோகத்தர் பெர்மிட்டைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, வெயிலுக்குள் அம்மா அவருக்கு ஓரடி பின்னால், கண்ணை அந்தக் கடதாசியிலிருந்து எடுக்காமல், வீதியைக் கடந்து போனார்.